காற்று ஓய்ந்தாலும் வேகம் ஓயக் கூடாது! - விண்ட்சர்ஃபிங் வீரர்களின் சூட்சுமம்

2024 ஆகஸ்ட் 2. பிரான்ஸின் மார்சேய் கடற்கரை. பாரிஸ் ஒலிம்பிக்கின் விண்ட்சர்ஃபிங் பதக்கச் சுற்றுகள் நடக்க வேண்டிய நாள். வீரர்கள் தயார். நடுவர்கள் தயார். காற்று மட்டும் கை கொடுக்கவில்லை. போட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் பெண்கள் இறுதிச் சுற்றில் மூன்று பேர். முதல்கட்டச் சுற்றுகளில் மற்ற எல்லோரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி, நேரடியாக இறுதிக்கு வந்தவர் பிரிட்டனின் எம்மா வில்சன். ஆனால் தங்கம் இத்தாலியின் மார்த்தா மஜெட்டிக்குப் போனது. வெள்ளி இஸ்ரேலின் ஷரோன் கான்டோருக்கு. எம்மாவுக்குக் கிடைத்தது வெண்கலம். பல நாள் உழைத்துச் சேர்த்த முன்னிலை, சில நிமிட ஓட்டத்தில் கரைந்துபோனது.

எம்மாவின் அம்மா பென்னி வேயும் 1992, 1996 ஒலிம்பிக்குகளில் இதே விளையாட்டில் போட்டியிட்டவர். விண்ட்சர்ஃபிங்கிலேயே வளர்ந்த குடும்பத்துக்கும் காற்று சலுகை காட்டுவதில்லை.

இந்த விளையாட்டில் மோட்டார் கிடையாது, துடுப்பு கிடையாது. காற்றுதான் பெட்ரோல். அந்த பெட்ரோல் எந்த நொடியில் குறையும் என்று யாருக்கும் தெரியாது. பலமாகக் காற்றடிக்கும்போது வேகமாகப் போவதற்குத் துணிச்சல் வேண்டும். காற்று குறையும்போதும் அதே வேகத்தைக் கையில் பிடித்து வைத்திருக்க வித்தை வேண்டும். அந்த வித்தை என்ன, அதற்குப் பின்னால் இருக்கும் எளிய அறிவியல் என்ன?

பலகையும் பாயும்

விண்ட்சர்ஃபிங்கை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மிதக்கும் பலகை ஒன்று. அதன் மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். பாயைச் சுற்றி வளையம்போல ஒரு கைப்பிடி. இதற்கு 'பூம்' என்று பெயர். கம்பம் பலகையோடு சேரும் இடத்தில் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும் ஒரு மூட்டு. பலகையின் அடியில், பின்பக்கம், மீனின் துடுப்புபோல ஒரு 'ஃபின்'. சாதாரணப் பாய்மரப் படகில் இருப்பதுபோல சுக்கான் இதில் இல்லை. பாயை முன்னும் பின்னும் சாய்த்தும், கால்களால் பலகையை அழுத்தியும்தான் திசை திருப்ப வேண்டும்.

ராமேஸ்வரம் பக்கம் வானத்தில் பட்டம் பறக்க, நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குவார்களே, அது கைட் சர்ஃபிங். இது வேறு. இதில் பாய் வீரரின் கைக்குள்ளேயே இருக்கும்.

அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1964-ல் பாய் வைத்த பலகை ஒன்றை உருவாக்கினார். கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இருவர், எல்லாப் பக்கமும் வளையும் மூட்டோடு ஒரு வடிவத்தை அமைத்து, 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஜிம் டிரேக் விமானப் பொறியாளர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவும், 1992 பார்சிலோனாவில் பெண்கள் பிரிவும் வந்து சேர்ந்தன.

குளத்தில் துள்ளும் ஓட்டுச்சில்லு

சின்ன வயதில் குளத்தில் ஓட்டுச்சில்லு எறிந்திருப்பீர்கள். வேகமாக எறிந்தால் சில்லு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் துள்ளிப் போகும். வேகம் குறைந்த அடுத்த நொடி 'களக்' என்று மூழ்கிவிடும்.

விண்ட்சர்ஃபிங் பலகையும் ஏறக்குறைய இப்படித்தான். மெதுவாகப் போகும்போது பலகை தண்ணீரைப் பிளந்துகொண்டு, உழுதுகொண்டு போகிறது. வேகம் கூடியதும் தண்ணீர் பலகையை மேலே தூக்குகிறது. பலகையின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்து, வால் பகுதி மட்டும் தொட்டுக்கொண்டு சறுக்குகிறது. இதற்குப் பெயர் 'பிளேனிங்'. தண்ணீரின் தடை சட்டென்று குறைவதால் பலகை சீறிப் பாய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிளேனிங் நிலைக்கு ஏறுவதற்கு அதிக சக்தி வேண்டும். ஏறிய பிறகு அதைத் தக்க வைக்க அவ்வளவு சக்தி தேவையில்லை. பாரம் ஏற்றிய சைக்கிளைக் கிளப்பும்போது எழுந்து நின்று மிதிக்கிறோம். ஓட ஆரம்பித்த பிறகு லேசாக மிதித்தாலே போதும். அதுபோலத்தான்.

அப்படியென்றால், காற்று சில நொடிகள் குறையும்போது வேகத்தை விட்டுவிட்டால் நஷ்டம் அந்தச் சில நொடிகளோடு முடிவதில்லை. காற்று பழைய அளவுக்குத் திரும்பிய பின்னும் பலகை மேலே ஏறாமல் தண்ணீரை உழுதுகொண்டே கிடக்கலாம். பக்கத்தில் வந்தவர், இறங்காமல் சமாளித்தவர், அதே காற்றில் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் பாதியானால், பாயில் விழும் விசை பாதியாக அல்ல, நான்கில் ஒரு பங்காகக் குறையும். மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த காற்று 18-க்கு இறங்கினாலே போதும், விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். கரையில் நிற்பவர் முகத்தில் லேசான வித்தியாசமாகப் படுவது, பலகையில் இருப்பவருக்குக் காலடியில் தரை நழுவியதுபோல இருக்கும்.

வேகமே காற்று

காற்றே இல்லாத நாளில் பைக்கில் போனாலும் முகத்தில் காற்று அடிக்கிறது. அது நம் வேகம் உண்டாக்கிய காற்று. ஓடும் பலகையில் இருக்கும் பாய்க்கும் இதே கதைதான். இயற்கையாக வீசும் காற்றும், பலகையின் வேகத்தால் எதிரே வரும் காற்றும் சேர்ந்த கலவையைத்தான் பாய் உணர்கிறது.

பள்ளியில் படித்த பித்தகோரஸ் தேற்றத்தை இங்கே எடுத்து வைக்கலாம். பக்கவாட்டிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. பலகை 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பாய் உணரும் காற்று 50 கிலோமீட்டர். 3, 4, 5 முக்கோணம்தான்!

இப்போது காற்று 20-க்கு இறங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு காலி. ஆனால் பலகையின் வேகத்தை எப்படியாவது 40-லேயே வைத்திருந்தால், பாய் உணரும் காற்று சுமார் 45. அதாவது பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அதே இடத்தில் பலகையின் வேகம் 15-க்கு விழுந்துவிட்டால்? பாய் உணரும் காற்று வெறும் 25.

காற்று குறையும் நேரத்தில் வேகத்தை இழப்பவர் காற்றை இரண்டு முறை இழக்கிறார்: இயற்கை கொடுத்ததை ஒரு முறை, தன் வேகம் கொடுத்ததை இன்னொரு முறை. வேகத்தைக் காப்பவருக்கு அந்த வேகமே காற்றாகிறது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. இயற்கைக் காற்று குறையும்போது, பாய் உணரும் காற்று முன்பக்கமாக நகர்ந்துவிடும். மேலே சொன்ன கணக்கில், முன்பு பலகையின் மூக்கிலிருந்து 37 டிகிரி கோணத்தில் வந்த காற்று, இப்போது 27 டிகிரியில் வரும். காற்று ஏறக்குறைய நேரெதிரே வருவதுபோலத் தோன்றும். பாய் படபடக்கும், இழுவை குறையும். விஷயம் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரியும் இடம் இதுதான்.

உடம்பு சொல்வதைக் கேட்டால் ஆபத்து

காற்று குறைந்ததும் கற்றுக்குட்டியின் உடம்பு தானாகவே மூன்று வேலைகள் செய்யும். பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நிமிர்ந்து நிற்கும். பின்னங்காலில் எடையைப் போடும். பாயைப் பலம்கொண்ட மட்டும் தன் பக்கம் இழுக்கும். மூன்றும் இயல்பாக வருவது. மூன்றும் தப்பு.

பின்னங்காலில் எடை போனால் பலகையின் வால் தண்ணீருக்குள் அமுங்கும். அது பிரேக் போட்ட மாதிரி. பாயை அளவுக்கு மீறி இழுத்தால், அதன் வளைவைத் தழுவி ஓட வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு சிதறும். விமானத்தின் இறக்கை அளவுக்கு மீறி மேல்நோக்கிச் சாய்ந்தால் தூக்கும் சக்தியை இழப்பதுபோல, பாயும் இழுவையை இழந்துவிடும். பிரேக்கையும் அழுத்தி, இன்ஜினையும் அணைத்த கதை.

சரி, தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்?

1. கண் முந்திக்கொள்கிறது

காற்று குறைந்த பிறகு செய்யும் வேலையைவிட, குறைவதற்கு முன்பு செய்யும் வேலைக்குப் பலன் அதிகம். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீரில் அது விட்டுப்போகும் தடத்தைப் பார்க்கலாம். காற்று பலமாக விழும் இடத்தில் சின்னச் சின்ன நெளிவுகள் எழுந்து தண்ணீர் கறுத்துத் தெரியும். காற்று குறைந்த இடம் வெளுத்து, எண்ணெய் பூசியதுபோல பளபளக்கும்.

தேர்ந்தவரின் பார்வை காலடியில் இருக்காது. காற்று வரும் பக்கம், பல மீட்டர் தூரத்துக்கு அப்பால் இருக்கும். வெளுத்த திட்டு வருவதைப் பார்த்தால், அதற்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தை ஏற்றிக்கொள்வார். முடிந்தால் சற்று விலகி, கறுத்த திட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் போவார். குன்று, உயரமான கட்டடம், தோப்பு, நங்கூரமிட்ட கப்பல் ஆகியவற்றுக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நம் கடலோர மக்களுக்கு இது புதிதல்ல. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். தண்ணீரின் நிறத்தையும் நெளிவையும் பார்த்துக் காற்றைக் கணிப்பது, பாய் விரித்து ஓடும் எல்லோருக்கும் பொதுவான படிப்பு.

2. திசையைக் கொடுத்து வேகத்தை வாங்குவது

காற்று குறைந்ததும் பலகையின் மூக்கைக் காற்று போகும் பக்கமாக லேசாகத் திருப்ப வேண்டும். ஒரேயடியாக அல்ல, கொஞ்சமாக, மென்மையாக. முன்பக்கம் நகர்ந்த காற்று இப்போது மறுபடி பக்கவாட்டுக்கு வரும். பாய்க்கு இழுவை திரும்பும்.

போக வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகத்தான் செய்வோம். அது கடன். அடுத்த பலமான வீச்சு வரும்போது, கிடைக்கும் கூடுதல் சக்தியை வைத்து மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, இழந்த இடத்தை மீட்டுக்கொள்ளலாம். காற்று ஏறினால் மேலே, இறங்கினால் கீழே. அனுபவசாலிகள் போன தடத்தை மேலிருந்து பார்த்தால் நேர்க்கோடாக இருக்காது. பாம்பு ஊர்ந்ததுபோல மெல்லிய நெளிவாக இருக்கும்.

ஆனால் இதிலும் அளவு வேண்டும். காற்றுக்கு முழுக்க முதுகைக் காட்டிவிட்டால், பலகையின் வேகம் காற்றின் வேகத்தோடு கழிந்துபோகும். 20 கிலோமீட்டர் காற்றில், காற்றோடு சேர்ந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பாய்க்கு மிஞ்சுவது வெறும் 5.

3. காலில் நிற்காதே, பாயில் தொங்கு

இதுதான் பழக ரொம்ப நாள் பிடிக்கும் பாடம். விண்ட்சர்ஃபிங் வீரர்கள் இடுப்பில் 'ஹார்னஸ்' என்ற பட்டை கட்டியிருப்பார்கள். அதிலிருக்கும் கொக்கியை பூமில் தொங்கும் கயிற்று வளையத்தில் மாட்டிக்கொண்டு, உடம்பின் எடையை அதில் தொங்க விடுவார்கள். அந்த எடை பூம் வழியாகக் கம்பத்துக்குப் போய், கம்பத்தின் அடியில் பலகையை அழுத்தும்.

கம்பம் இருப்பது வீரரின் கால்களுக்கு முன்னால். அங்கே எடை விழுந்தால் பலகை வாலில் அமுங்காமல், தட்டையாகத் தண்ணீரில் படியும். தட்டையான பலகைதான் குறைந்த சக்தியிலும் சறுக்கும்.

ஆகவே, காற்று குறையும்போது நிமிரக் கூடாது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உடம்பைப் பலகைக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவந்து, பூமைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுப்பது வேறு, கீழ்நோக்கித் தொங்குவது வேறு. பின்னங்கால் பலகையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். ஓய்வு நீடிக்கும்போல் தெரிந்தால், முன்னங்காலைப் பட்டையிலிருந்து எடுத்துக் கம்பத்துக்கு அருகே முன்னே வைப்பார்கள். எடை முன்னே போகப் போக வால் மேலே வரும்.

4. பாயைத் திணறடிக்காதே

பாயைப் பிடித்திருக்கும் பின்னங்கைதான் இன்ஜினின் ஆக்ஸிலரேட்டர். காற்று முன்னே நகரும் அந்த முதல் நொடியில் பாயைச் சற்று உள்ளே வைத்திருப்பது சரி. வேகம் இறங்க ஆரம்பித்த பிறகும் அதே பிடியில் இறுக்கி வைத்திருந்தால் பாய் திணறும். அப்போது பின்னங்கையைக் கொஞ்சம் தளர்த்தி, காற்று பாயின் மேல் மறுபடி வழிந்து ஓட இடம் கொடுக்க வேண்டும். இழுவை மீண்டதும் மெல்ல உள்ளே கொண்டுவரலாம். சில அங்குலங்களில் முடிகிற விஷயம் இது. பல மாதம் பழகினால்தான் கைக்குப் புரியும்.

5. பட்டத்தைச் சுண்டுவதுபோல

காற்று குறைந்து பட்டம் கீழே இறங்கினால் பையன்கள் என்ன செய்வார்கள்? நூலைச் சுண்டிச் சுண்டி இழுப்பார்கள். பட்டம் மறுபடி மேலே ஏறும். விண்ட்சர்ஃபிங்கில் இதற்குப் பெயர் 'பம்பிங்'. பாயை வேகமாகத் தன் பக்கம் இழுத்து விடுவது, மறுபடி இழுத்து விடுவது. ஒவ்வொரு இழுப்பிலும் பாய் காற்றை விசிறி, பலகையை ஓர் எட்டு முன்னே தள்ளும்.

கையால் மட்டும் இழுத்தால் இரண்டு நிமிடத்தில் தோள் செத்துவிடும். கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். பின்னாலிருந்து ஓர் அலை வந்து பலகையைத் தூக்கும் நேரம் பார்த்து இழுத்தால், அலையின் சரிவும் சேர்ந்து உதவும். பலகை முழுக்க நின்ற பிறகு பம்ப் செய்வதைவிட, வேகம் இறங்கத் தொடங்கும்போதே இரண்டு மூன்று இழுப்புகள் கொடுப்பது புத்திசாலித்தனம்.

படகில் தப்பு, பலகையில் சரி

பாய்மரப் படகுப் போட்டிகளின் பொது விதிகளில் பம்பிங்குக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. காற்றால் ஓட வேண்டிய படகை உடல் பலத்தால் ஓட்டக் கூடாது என்பது அதன் நியாயம். விண்ட்சர்ஃபிங் போட்டிகளுக்கு மட்டும் இதில் விலக்கு. காற்றும் தண்ணீரும், வீரரின் உடம்பும் தவிர வேறு உதவி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த ஒரு விலக்கு விளையாட்டின் முகத்தையே மாற்றியது. மென்காற்று நாள்களில் போட்டி முழுக்க இடைவிடாமல் பம்ப் செய்பவருக்கே வாய்ப்பு என்றானது. வீரர்கள் துடுப்புப் படகு வீரர்களைப்போல மூச்சையும் இதயத்தையும் பலப்படுத்தத் தொடங்கினார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த சிங்தாவ், மென்காற்றுக்குப் பேர்போன கடற்கரை. அங்கே பெண்கள் விண்ட்சர்ஃபிங்கில் தங்கம் வென்றவர் சீனாவின் யின் ஜியான். பாய்மரப் போட்டிகளில் சீனாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஹாங்காங்கின் சியுங் சாவ் என்ற குட்டித் தீவில் வளர்ந்த லீ லாய் ஷான் தங்கம் வென்றார். ஹாங்காங் அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. ஓர் ஊரின் முதல் பதக்கமே தங்கமாக அமைந்தது, அதுவும் ஒரு பலகையின் மேல்! இந்தியாவுக்கும் இதில் ஒரு மகிழ்ச்சியான கணக்கு உண்டு. 2023-ல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்கள் விண்ட்சர்ஃபிங்கில் ஈபாத் அலி வெண்கலம் வென்றார்.

தண்ணீரைத் தொடாமல் பறப்பது

பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தது அடுத்த தலைமுறை. பலகையின் அடியில் ஃபின்னுக்குப் பதில் நீண்ட தண்டும், அதன் நுனியில் விமான இறக்கைபோல ஓர் அமைப்பும் இருக்கும். இதற்கு 'ஃபாயில்' என்று பெயர். வேகம் கூடியதும் அந்த இறக்கை பலகையையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். தண்ணீரில் உரசுவது அந்த மெல்லிய தண்டும் இறக்கையும் மட்டுமே. சாதாரணப் பலகை உழுதுகொண்டு கிடக்கும் மென்காற்றிலும் ஃபாயில் பலகை பறந்துகொண்டிருக்கும். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8 சதுர மீட்டர்.

இதனால் காற்று ஓயும் கவலை தீர்ந்ததா? இல்லை. இன்னும் கூர்மையானது. பறக்கும் பலகை ஒரு முறை தண்ணீரில் இறங்கிவிட்டால் வேகம் பொத்தென்று விழும். மறுபடி மேலே எழ, உடம்பெல்லாம் குலுங்க பம்ப் செய்ய வேண்டும். அதற்குள் போட்டியாளர்கள் பறந்திருப்பார்கள். முன்பு சில மீட்டர் பின்தங்கினார்கள்; இப்போது பல பத்து மீட்டர் பின்தங்குகிறார்கள்.

பாதி வேலை கரையிலேயே

காற்று ஏறி இறங்கும் நாள் என்று தெரிந்தால், தண்ணீரில் இறங்கும் முன்பே செய்ய வேண்டிய சில ஏற்பாடுகள் உண்டு.

பாய்: பலமான வீச்சுக்கு ஏற்ற சின்னப் பாயை எடுத்தால், ஓயும் நேரங்களில் நட்டாற்றில் நிற்க வேண்டியதுதான். ஓய்வுகளையும் தாண்டும் அளவுக்குச் சற்றே பெரிய பாய் நல்லது. சமாளிக்க முடியாத அளவுக்குப் பெரியதாகவும் இருக்கக் கூடாது.

இறுக்கம்: பாயை பூமின் கடைசி நுனிக்கு இழுத்துக் கட்டும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் பாயில் தொப்பை விழும். தொப்பை விழுந்த பாய் குறைந்த காற்றிலும் நன்றாக இழுக்கும். அளவுக்கு மீறிய தொப்பை வேகத்தைக் கெடுக்கும்.

பலகை: அகலமான பலகையும் பெரிய ஃபின்னும் சீக்கிரம் பிளேனிங்குக்கு வரும், மெதுவாகவே இறங்கும்.

உடல் எடை: மென்காற்றில் ஒல்லியானவர்களுக்கு இயல்பாகவே ஆதாயம். எடை கூடியவர்கள் அதே இடத்தில் பெரிய பாய் எடுக்க வேண்டியிருக்கும்.

முழுக்க நின்றுவிட்டால்?

இதுவரை பேசியது காற்று குறைந்தால் என்ன செய்வது என்பதை. காற்று முழுக்கவே நின்றுவிட்டால் வேகம் முக்கியமில்லை, உயிர் முக்கியம். விடுமுறையில் கோவாவுக்கோ வெளிநாட்டுக் கடற்கரைக்கோ போய் ஒரு வகுப்பு கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படிக்கலாம்.

பலகையை விட்டு நீங்கக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நீந்திப் போய்விடலாம் என்று தோன்றும். கடலில் தூரம் கண்ணை ஏமாற்றும். பலகை மூழ்காது, தேடி வருபவர்களுக்கு மனிதத் தலையைவிடப் பலகை எளிதாகத் தெரியும்.

பாயைப் பலகையின் பின்பக்கம் குறுக்கே கிடத்தி, குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக் கரைக்கு வரலாம். தூரம் அதிகமானால் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் துழாவுவது எளிது. முடியாத நிலை என்றால், பலகையில் உட்கார்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். 'உதவி தேவை' என்பதற்கு உலகமெங்கும் தெரிந்த சைகை இது.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், பழகாதவர்கள் இறங்கவே கூடாது. கரையோரம் தண்ணீர் அமைதியாக இருக்கும், ஆசை காட்டும். உள்ளே போனால் காற்று பலக்கும். நின்றால் திரும்பி வர வழியிருக்காது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்றும் பொழுது சாயச் சாய ஓயும். அதற்கு முன்பே கரை சேர்ந்துவிட வேண்டும்.

பலகையின் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 80 லிட்டர் பலகையில் ஏறினால், பாய், கம்பம் எல்லாம் சேர்த்து அது தண்ணீர் மட்டத்தில் தள்ளாடும். காற்று நின்றால் அதில் நிற்கவே முடியாது. தேர்ந்தவர்கள் அப்படிப்பட்ட பலகையில், தண்ணீரில் கிடந்தபடியே பாயைக் காற்றுக்குக் காட்டி, அது இழுக்கும்போது எழுந்து நிற்பார்கள். காற்றே இல்லாதபோது அந்த வித்தையும் பலிக்காது. கற்றுக்கொள்பவர்களுக்கு 180, 200 லிட்டர் அளவிலான பெரிய பலகை கொடுப்பது இதனால்தான். அதில் நிதானமாக நின்று, பாயைத் தண்ணீரிலிருந்து கயிற்றால் தூக்கி, மெதுவாகவேனும் வந்துவிடலாம். உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம். தனியாகப் போவது வேண்டவே வேண்டாம்.

கற்றுக்கொள்ள ஏற்ற நாள் எது?

பலமாகக் காற்றடிக்கும் நாள்தான் விண்ட்சர்ஃபிங்குக்கு நல்ல நாள் என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்துக்கு அது சரி. 2015-ல் நமீபியாவின் லூடரிட்ஸில் பிரான்ஸின் அன்ட்வான் அல்போ 500 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 53.27 நாட், அதாவது மணிக்குச் சுமார் 99 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது பலத்த காற்றில்தான்.

கற்றுக்கொள்வதற்கு ஏற்ற நாள் வேறு. காற்று வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடும் நாளில் இறங்கிப் பழகியவரின் கண் தண்ணீரின் நிறத்தைப் படிக்கிறது. கால் பலகையை மிதிக்காமல் தொடக் கற்கிறது. கை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. பலத்த காற்று எல்லோரையும் ஓட வைக்கும். யார் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பது, அது குறையும் அந்தப் பத்து நொடிகளில் தெரிந்துவிடும்.